உஷார்! அந்த இரும்புக் கலனுக்குள் காற்று இல்லை

மூடிக் கிடக்கும் இரும்பாலைகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இரும்பு உருக்கும் ஊதுலைக்குப் பக்கத்தில் வீட்டு உயரத்துக்கு இரும்புக் கலன்கள் நிற்கும். வாயுவிலிருந்து தூசியைப் பிரிக்க ஒன்று, தண்ணீர் தேக்க ஒன்று, தார் சேர்க்க ஒன்று. அவற்றின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான துவாரம் இருக்கும். போல்ட் கழன்று மூடி கொஞ்சம் விலகியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்கச் செம்பழுப்பும் கறுப்பும் ஆரஞ்சுமாகத் துரு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். கையில் நல்ல வைட் ஆங்கிள் லென்ஸ் இருந்தால் மனசு கேட்காது. தயவுசெய்து உள்ளே போகாதீர்கள். தலையை மட்டும் நீட்டி ஒரே ஒரு படம் என்றும் நினைக்காதீர்கள். சுவாசிக்கத் தக்க காற்று அதற்குள் இல்லாமல் இருக்கலாம். இல்லை என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் காற்றை எடுத்துக்கொண்டது துரு. இரும்பு துருப்பிடிக்கிறது என்றால் ஆக்ஸிஜனோடு சேர்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். திறந்த வெளியில் கிடக்கும் தண்டவாளம் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்தாலும் குறை தெரியாது. மூடிய கலனின் சுவர் எடுப்பது உள்ளே அடைபட்ட காற்றிலிருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 270 கிராம்தான். சுமார் 630 கிராம் இரும்பு முழுசாகத் துருவானால் அத்தனையும் தீர்ந்துவிடும். 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள கலன் என்றால் 63 கிலோ இரும்பு போதும். கலனின் எடையே பல டன் இருக்கும்போது 63 கிலோ துருப்பிடிக்க எத்தனை மழைக்காலம் வேண்டும்? ஆலை மூடி இருபது, முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்தான இடம் என்று கணக்கு வைக்கிறார்கள் தொழிற்பாதுகாப்புக்காரர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே போனால் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார், நிமிஷங்களில் உயிர் போய்விடும். இதைவிடக் கொடியது என்னவென்றால், மூச்சு முட்டுகிற உணர்வை நமக்குத் தருவது முக்கியமாக உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்ஸிஜன் இல்லாத காற்றை இழுத்தாலும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் திணறல் வராது. இருமல் வராது. சிலருக்கு லேசாகத் தலை மிதக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. ஃபோகஸ் சரிசெய்துகொண்டிருக்கும்போதே முழங்கால் மடிந்துவிடும்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2007 செப்டம்பரில் வட கடலில் நடந்ததைக் கேளுங்கள். வைக்கிங் ஐலே என்பது எரிவாயு மேடைகளுக்குக் காவல் நின்ற பிரிட்டிஷ் கப்பல். நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கும் சிறு அறையில் சங்கிலி இடித்துச் சத்தம் போடுகிறது என்று, அதை இழுத்துக் கட்ட ஒருவர் இறங்கினார். விழுந்தார். அவருக்கு உதவ இன்னொருவர் இறங்கினார், அவரும் விழுந்தார். மூன்றாமவர் ஒரு சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார். அது ஆபத்திலிருந்து வெளியே ஓடுவதற்கான சின்னக் கருவி. உள்ளே போய் ஆளைத் தூக்க உதவாது. மூன்று பேரும் இறந்தார்கள். மூவரும் கடலிலேயே பிழைப்பு நடத்தியவர்கள். விஷவாயு எதுவும் கசிந்திருக்கவில்லை. சங்கிலியில் ஏறிய துரு அந்த அறையின் ஆக்ஸிஜனைத் தின்று முடித்திருந்தது.

ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் சாகும் இந்த வரிசை தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதே அல்ல. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர், அவரைத் தூக்கப் போன தம்பி, தம்பியைத் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம். அங்கே கொல்வது சாக்கடை வாயு, இங்கே வெறும் துரு. விழுகிற விதம் ஒன்றுதான்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே தடுத்துவிட வேண்டும். பாழ்கிணற்றில் தூர் வார இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள் நம் பெரியவர்கள். அணைந்தால் ஆள் இறங்கமாட்டார். கிணற்றுக்கு அது அனுபவத்தில் விளைந்த புத்தி. இரும்பாலையில் அதைச் செய்தால் தீப்பிடிக்கலாம். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புப் பகுதியில் தாரும் பென்சீன் எச்சமும் தங்கியிருக்கலாம். தீக்குச்சி, லைட்டர், சுழற்றித் தீப்பொறி பறக்கவிடும் எஃகுக் கம்பிச் சுருள் இவற்றை அங்கே எடுத்துப் போகவே கூடாது. அந்தத் தீப்பொறி வட்டப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. விளக்கு அணையாமல் எரிந்தாலும் அது நல்ல காற்று என்று அர்த்தமில்லை, ஏனென்றால் கார்பன் மோனாக்சைடைச் சுடர் காட்டிக்கொடுக்காது.

கார்பன் மோனாக்சைடு என்றதும் ஊதுலையின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேலேயிருந்து இரும்புத் தாதும் கோக்கும் சுண்ணாம்புக் கல்லும் கொட்டுவார்கள். கீழேயிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். கோக் எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் தாதிலிருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கி இரும்பை விடுவிக்கிறது. மிச்சமாகி உச்சி வழியே வெளியேறும் வாயுவில் இன்னும் 20 முதல் 25 சதவீதம் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதை வீணாக்கமாட்டார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய குழாய்களில் ஆலை முழுக்கக் கொண்டுபோய் எரிபொருளாக்குவார்கள். காற்றில் 1 சதவீதம் கலந்தாலே சில நிமிஷங்களில் ஆளைக் கொல்லும் வாயு அது. நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முழுசாக மூடிப் பல காலம் ஆன ஆலையில் அந்த வாயு மிஞ்சியிருக்காது, உண்மை. ஆனால் பெரிய இரும்பாலைகள் ஒரே நாளில் முழுசாக மூடப்படுவதில்லை. ஓர் ஊதுலை நிற்கும், பக்கத்து ஊதுலை ஓடும். கோக் அடுப்பு நிற்கும், மின்நிலையம் ஓடும். வேலிக்கு வெளியே நிற்கிறவருக்கு எல்லாம் ஒரே துரு நிறம். எந்தக் குழாய் செத்தது, எந்தக் குழாய் உயிரோடு இருக்கிறது என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். தடுப்புத் தகடு அடித்து மூடிய குழாய் எது என்று அவர்களே வரைபடத்தை விரித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறார்கள்.

முகக்கவசம் போட்டுக்கொள்கிறோமே என்பார்கள். மூக்கை மூடும் எந்தத் துணியும், எந்த வடிகட்டியும், கடையில் கிடைக்கும் மிக உயர்ந்த தூசிக் கவசமும் இல்லாத ஆக்ஸிஜனை உண்டாக்கித் தராது. தூசிக் கவசம் கார்பன் மோனாக்சைடையும் நிறுத்தாது. சட்டையில் மாட்டும் வாயு உணர்கருவி இருக்கிறதே என்றால், இருக்கட்டும், நல்லதுதான். முறையாக அளவு சரிபார்த்த கருவி திறந்த கூடத்தில் நடக்கும்போது உயிர்காக்கும். கலனுக்குள் இறங்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. கருவி அலறும்போது நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பீர்கள், ஏணி உங்களுக்கு மேலே இருக்கும்.

யாருக்காக இவ்வளவு பதறுகிறேன் என்றால், டூயிஸ்புர்க், ஆஹன், சார்ப்ரூக்கன் பக்கம் படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்காக. அந்த வட்டாரம் முழுக்க நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர்கள். கொஞ்சம் மேற்கே போனால் பெல்ஜியத்தின் லியேஜ், தெற்கே லக்ஸம்பர்க், பிரான்ஸின் லொரேன். போன நூற்றாண்டின் எழுபதுகளிலிருந்து ஒவ்வொன்றாக ஊதுலைகள் நின்றன. பெரிய கூடங்கள் காலியாக நிற்கின்றன. வேலியில் ஒரு ஓட்டை, ஃபோனில் யாரோ போட்ட ஒரு வீடியோ, வார இறுதியில் மலிவு ரயில் டிக்கெட். சனிக்கிழமை காலை மூன்று பேர் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஈர்ப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முப்பது மீட்டர் உயரத்தில் ரிவெட் அடித்த தகடுகளும், பிரம்மாண்டச் சக்கரங்களும், உடைந்த கண்ணாடிக் கூரை வழியே சரியும் வெயிலும் எந்தப் புகைப்படக்காரனையும் இழுக்கும். மனிதர் கையால் செய்த மிகக் கம்பீரமான பொருள்களில் ஊதுலையும் ஒன்று என்று மனசார நம்புகிறேன். அதனால்தான் அதன் காலடியில் ஒரு பிள்ளை விழுந்து கிடக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

காற்றுக்கு அடுத்தபடி தரை. உருட்டாலைக் கூடங்களில் பழுக்கக் காய்ந்த எஃகின் மேல் உரியும் செதில்களைத் தண்ணீர் அடித்துக் கழுவி ஆழமான குழிகளில் சேர்ப்பார்கள். ஆலை நின்றதும் பம்ப் நிற்கும், குழி நிரம்பும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம், அதன் மேல் பல வருஷத் தூசி. டார்ச் வெளிச்சத்தில் அது கறுப்புத் தரையாகவே தெரியும். காலை வைத்தால் பல மீட்டர் ஆழம். வழுக்கும் செங்குத்துச் சுவர், பிடிக்க ஒன்றும் இல்லை. இதோடு செம்புத் திருடர்கள் வந்து போயிருப்பார்கள். கேபிளை உருவ நடைபாதைக் குழிகளின் மூடிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு அப்படியே போய்விடுவார்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கூடம் சட்டகத்துக்குள் வரட்டும் என்று பின்னோக்கி நடக்கும் பழக்கம் படமெடுக்கும் எல்லோருக்கும் உண்டு. கண்ணில் கேமரா இருக்கும்போது கால் நகரக் கூடாது. கால் நகரும்போது கேமரா கழுத்தில் தொங்கட்டும்.

மேல்தளங்களில் இரும்புக் கம்பிச் சட்டங்களைப் பதித்து நடைபாதை போட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் உறுதியாகத் தெரியும். அது உட்கார்ந்திருக்கும் விளிம்பில், தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு அரித்திருக்கும். முன்னால் போனவரைத் தாங்கியது உங்களைத் தாங்கும் என்ற கணக்கும் செல்லாது, ஏனென்றால் அவர் எடையில்தான் கடைசி நூல் அறுந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஏறுவதைப் பற்றி நம் ஊரில் சொல்லவே தேவையில்லை.

அந்த ஆஸ்பெஸ்டாஸ்தான் இன்னொரு பெரிய பயம். நம் வீட்டுக் கூரையில் பார்த்துப் பழகிய பொருள் என்பதால் நமக்கு அலட்சியம். கூரைத் தகட்டில் அது சிமென்ட்டோடு இறுகியிருக்கிறது. ஆலையின் நீராவிக் குழாய்களைச் சுற்றி வெப்பம் தாங்கச் சுற்றியிருப்பதோ தொட்டால் உதிரும் ரகம். கிழிந்து தொங்கும் சாம்பல் நிறப் பஞ்சுபோல இருக்கும். படத்தில் நன்றாக வேறு விழும். ஜெர்மனி 1993-இல்தான் அதைத் தடை செய்தது, பிரான்ஸ் 1997-இல், பிரிட்டன் 1999-இல். அதற்கு முன் கட்டிய ஆலை எதுவானாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை நுரையீரலில் தங்கினால் நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். இருபத்திரண்டு வயதில் எடுத்த ஒரு படத்துக்கு ஐம்பத்தைந்து வயதில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதே சட்டையோடு அறைக்குத் திரும்பினால் அந்த இழை அறைத் தோழனின் படுக்கைக்கும் போகும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருவின் சிவப்புக்கு நடுவே சில இடங்களில் மண்ணோ செங்கல்லோ ஆழ்ந்த நீலமாக இருக்கும். கோக் அடுப்பின் வாயுவைச் சுத்திகரித்த இடம் அது. சயனைடும் இரும்பும் சேர்ந்து உண்டான நீலம். மண்டியிட்டு அதன் அருகே கேமராவை வைக்கும் ஆசை வரும். கையால் தொடாதீர்கள், அதன்மேல் உட்காராதீர்கள், நினைவுக்கென்று ஒரு கட்டியை எடுத்துப் பையில் போடாதீர்கள். பழைய மின்கூடங்களில் பல கால்கள் முளைத்த பெரிய கண்ணாடிக் குடுவைகள் கிடைக்கும். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய கருவிகள், அடியில் பாதரசம். உடைந்த குடுவை கிடக்கும் அறைக்குள் நுழையவே கூடாது.

ரயில் பாதைக்கு வருகிறேன். ஆலை மூடியிருக்கும், அதை ஒட்டிய பாதை ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் ரயில் மின்கம்பியில் 15,000 வோல்ட், இந்தியாவில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாவிப் பிடிக்கும். நின்ற வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் போய்க் கருகிய இளைஞர்களின் செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் ஓய்ந்தபாடில்லை. அதே வேகன் மேல் உலோக ட்ரைபாடை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர்களைவிடவும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகு, படமே எடுக்கக் கூடாதா என்று கேட்டால், தாராளமாக எடுங்கள், அதற்கென்றே திறந்து வைத்த இடங்கள் இருக்கின்றன என்பேன். டூயிஸ்புர்க்கின் மைடரிஷ் பகுதி இரும்பாலை 1985-இல் நின்றது. இடிக்காமல் பூங்காவாக்கி 1994-இல் மக்களுக்குத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 5-ஆம் ஊதுலையின் உச்சி வரை படிக்கட்டில் ஏறலாம், ஒவ்வொரு படியையும் பராமரிக்கிறார்கள். ராத்திரியில் வண்ண விளக்கு போடுகிறார்கள். பழைய வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் முக்குளிக்கப் பழக்குகிறார்கள். வேலி ஓட்டைக்குள் நுழைந்து எடுக்க நினைத்த அதே ஊதுலை, அதே குழாய்கள், அதே துரு. ரயிலில் தெற்கே போனால் சார்லாந்தின் ஃபோல்க்லிங்கன். 1873-இல் தொடங்கி 1986-இல் நின்ற ஆலை, 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆறு ஊதுலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்று ஊதிய ராட்சத எஞ்சின்கள் ஒரு கூடம் நிறைய இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க அந்தக் கூடத்திலேயே கழியும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குக் கோல்புரூக்டேல் இருக்கிறது, 1709-இல் ஆப்ரகாம் டார்பி மரக்கரிக்குப் பதில் கோக்கைப் போட்டு இரும்பு உருக்கிய ஊர். பக்கத்திலேயே 1779-இல் எழுப்பிய இரும்புப் பாலம்.

வேலிக்குள் நுழைந்தால்தான் நல்ல படம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதியின் படங்களைக் காட்டுங்கள். 1959-இலிருந்து பல பத்தாண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊதுலைகளையும் நீர்க்கோபுரங்களையும் வாயுத் தொட்டிகளையும் படமெடுத்தார்கள். பெரிய ஃபார்மேட் கேமரா, மேகம் மூடிய வானம், நேருக்கு நேரான பார்வை. பெரும்பாலும் வெளியே, தூரத்தில் நின்று எடுத்தவை. 1990-இல் வெனிஸ் பியன்னாலேயில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது, அதுவும் சிற்பத்துக்கு. ஊதுலையின் முழு உருவம் தெரிய வேண்டுமானால் தள்ளி நின்றே ஆக வேண்டும். கலனுக்குள் போனால் தெரிவது ஒரு துருச் சுவர் மட்டுமே.

அனுமதியில்லாமல் வேலியைத் தாண்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். விசாவில் இருக்கும் மாணவருக்கு ஒரு போலீஸ் வழக்கு என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுங்கள். மூடிய ஆலைக்கும் உரிமையாளர் இருப்பார். துணைக்கு ஓர் ஆளை அனுப்பிக் காட்டச் சம்மதிக்கிறவர்களும் உண்டு.

நம் ஊர் நிலவரமும் வேறல்ல. மூடிக் கிடக்கும் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் தொட்டி, பஞ்சாலையின் பழைய பாய்லர், மண்ணில் புதைந்த எண்ணெய் டேங்க் எதுவானாலும் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். மொலாசஸ் தொட்டியில் புளித்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துகொள்ளும்.

எங்கே போனாலும் எந்த ஆலை, எந்த வாசல், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலோ அறையிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இரும்புத் தகடு சூழ்ந்த கூடத்துக்குள் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காமல் போகலாம். உங்கள் கண் முன்னால் நண்பன் ஒரு கலனுக்குள்ளோ குழிக்குள்ளோ சாய்ந்தால், பின்னால் இறங்காதீர்கள். அண்ணனாக இருந்தாலும், தம்பியாக இருந்தாலும் இறங்காதீர்கள். சிக்னல் இருக்கும் இடத்துக்கு ஓடி 112-ஐ அழையுங்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அதே எண்தான். ஆள் மயங்கிவிட்டார் என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் மட்டும் வரும். மூடிய இரும்புக் கலனுக்குள் விழுந்திருக்கிறார், உள்ளே காற்று இல்லை, காற்றுச் சிலிண்டரோடு தீயணைப்பு வீரர்கள் வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த வாசலில் வந்து நிற்பீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு, அங்கேயே போய் நில்லுங்கள்.